நல்ல ஒலிப்பெட்டி: புதியதா, பழையதா? வாங்குமுன் ஒரு பாடம்



பருப்பு விலையும் மல்லி வரத்தும் பேச வேண்டிய பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கலாம். காரணம் இரண்டு. நம்மில் பலர் கடைப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, மாலையில் வீட்டில் அமர்ந்து பாட்டுக் கேட்கும் வயதுக்கு வந்துவிட்டோம். சிலர் கல்யாண மண்டபம் நடத்துகிறார்கள். சிலருடைய பிள்ளைகள் லட்சத்தில் விலை சொல்லி ஒலிப்பெட்டி கேட்கிறார்கள். "புதுசு வாங்கவா, பழசே நல்லதாகக் கிடைக்குதாமே, அதை எடுக்கவா?" என்று நம்மிடம் கேட்டவர்கள் கடந்த ஓராண்டில் ஐந்தாறு பேர். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், பழைய பொருளைக் கொள்முதல் செய்வது வணிகத்தில் கடினமான பாடம். மூட்டையில் ஊசி குத்திப் பருப்பைப் பார்க்கத் தெரிந்த நாம், மற்ற பொருளில் ஏமாந்து போகிறோம். அல்லது மற்றவரை ஏமாற்றும் இடத்தில் போய் நிற்கிறோம். இரண்டும் நமக்கு நேர்ந்தது. அதை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

நம் வீட்டு வழக்கு

நமக்குக் காது பழகியது இலங்கை வானொலியால். கடல் தாண்டி வந்த அதன் தமிழ்ச் சேவை நம் கரையில் பக்கத்து வீட்டுப் பேச்சுப்போலத் தெளிவாகக் கேட்கும். அந்த நாள் முதல் நல்ல ஒலிப்பெட்டி ஒரு ஜோடி வேண்டும் என்ற ஆசை உண்டு. கடையும் கிடங்கும் கடனும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சென்ற ஆண்டுதான் கையில் கொஞ்சம் பணமும் மனதில் கொஞ்சம் ஓய்வும் சேர்ந்தன. சென்னையில் ஒரு கடையில் கேட்டோம். நமக்குப் பிடித்த ஜோடி 1,60,000 ரூபாய் என்றார்கள்.

அந்தச் சமயத்தில் நம் பழைய நண்பர் ஒருவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. உப்பு ஏற்றுமதி செய்த அண்ணாச்சி அவர். காலமாகி இரண்டு ஆண்டாகிறது. அவர் ஆசையாக வைத்திருந்த இங்கிலாந்துப் பெட்டிகள் இரண்டும் மாடி அறையில் துணி போர்த்திக் கிடந்தன. மதினி சொன்னார்கள்: "தம்பி, ஆக்கர்க்காரன் மூவாயிரம் தாறேங்கான். பிள்ளைகளுக்கு இது வேண்டாமாம். நீங்க பாட்டுக் கேக்கிற ஆளு. ஒரு அஞ்சாயிரம் கொடுத்திட்டு எடுத்துக்கிடுங்க."

நமக்கு அந்தப் பெட்டியின் பெயர் தெரியும். நல்ல நிலையில் இருந்தால் அது எவ்வளவு போகும் என்பதும் ஓரளவு தெரியும். மதினிக்குத் தெரியாது. அன்று இரவு நாம் சரியாகத் தூங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஐயாயிரத்துக்கு எடுத்துக்கொண்டால் கேட்பார் யாரும் இல்லை. கேட்டவர்கள் அவர்களே. ஆனாலும் உடனே பதில் சொல்லாமல், "சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் மதினி" என்று மூன்று வாரம் தவணை வாங்கினோம். அந்த மூன்று வாரத்தில் படித்தும், மெக்கானிக் ஒருவரைக் கூட வைத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதே கீழே வருவது.

ஒலிப்பெட்டிக்குள் இருப்பது என்ன?

எது கெடும், எது கெடாது என்று தெரிய வேண்டுமானால் உள்ளே இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். இன்று நாம் பார்க்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களின் அமைப்பு 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் விளக்கி வெளியிட்டது. அடிப்படை இன்றும் மாறவில்லை.

ஒரு காந்தம். அதன் இடுக்கில் செம்புக் கம்பி சுற்றிய சிறிய வளையம். இதுதான் வாய்ஸ் காயில். அந்த வளையத்தோடு ஒட்டிய காகிதக் கூம்பு அல்லது பிளாஸ்டிக் கூம்பு. கூம்பின் வெளி விளிம்பைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மெல்லிய வளையம். மெக்கானிக்குகள் இதை எட்ஜ் என்பார்கள். ஆம்பிளிபயரிலிருந்து மின்சாரம் வரும்போது காயில் முன்னும் பின்னும் ஆடும், கூம்பு காற்றைத் தள்ளும், நமக்குப் பாட்டுக் கேட்கும்.

நல்ல பெட்டியில் தாழ்ந்த ஒலிக்குப் பெரிய வூஃபரும், உயர்ந்த ஒலிக்குச் சிறிய ட்வீட்டரும் தனித்தனியாக இருக்கும். இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர் என்ற சிறு பலகை. அதில் கம்பிச் சுருள்களும் கண்டென்சர்களும் இருக்கும்.

இவ்வளவுதான். மோட்டார் இல்லை, பெல்ட் இல்லை, பல்சக்கரம் இல்லை. பழைய டேப் ரெக்கார்டரை வாங்கினால் பெல்ட் இளகியிருக்கும், ஹெட் தேய்ந்திருக்கும். பழைய சி.டி. பிளேயரில் கண் மங்கியிருக்கும். ஒலிப்பெட்டியில் அசைவது கூம்பு ஒன்றுதான். ஆகவே பழைய மின்சாரப் பொருட்களில் துணிந்து வாங்கத் தக்கது எது என்றால், ஒலிப்பெட்டியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சோதித்து வாங்கினால் மட்டும்.

உலகச் சந்தை சொல்வது

1970-களில் பி.பி.சி. வானொலி நிறுவனம், இடம் குறைந்த வெளி ஒலிபரப்பு வண்டிகளில் வைத்துக் கேட்பதற்காக எல்.எஸ்.3/5ஏ என்ற சிறிய பெட்டியை வடிவமைத்தது. உயரம் ஓர் அடிதான். உரிமம் பெற்று ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத், கெஃப் முதலிய நிறுவனங்கள் செய்து விற்றன. ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் நல்ல நிலையில் உள்ள பழைய ஜோடி, அன்று புதிதாக விற்ற விலையைவிடக் கூடுதலாக விலை போகிறது. அமெரிக்காவின் ஜே.பி.எல். நிறுவனம் 1970-இல் வெளியிட்ட எல்100 என்ற பெட்டிக்குப் பழைய சந்தையில் இருந்த மதிப்பு சாதாரணமல்ல. 2018-இல் அதே தோற்றத்தில் எல்100 கிளாசிக் என்று புதிதாகவே செய்து விற்க ஆரம்பித்தார்கள்.

இதிலிருந்து இரண்டு செய்தி. ஒன்று, பழையது என்பதாலேயே மட்டம் அல்ல. இரண்டு, பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. எல்100 என்று ஒருவர் விலை சொன்னால் அது 1970-களின் பெட்டியா, 2018-க்குப் பின் வந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி என்று சாக்கில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி நாம் எடை போடுவோமா?

நம் நாட்டிலும் கொல்கத்தாவின் சோனோடைன் நிறுவனம் 1970-லிருந்து நல்ல பெட்டிகள் செய்து வந்திருக்கிறது. 1991-க்கு முன் வெளிநாட்டுப் பெட்டியை நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாது. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் சாமானோடு கொண்டுவந்தவைதான் பெரும்பாலும். ஆகவே துறைமுக ஊர்களில் பழைய வீடுகளின் மாடியில் இப்படி ஒன்றிரண்டு இருக்க வாய்ப்பு உண்டு. இன்றைக்கும் பயன்படுத்திய நுகர்பொருளை வெளிநாட்டிலிருந்து தருவிக்க இறக்குமதி அனுமதி வேண்டும். எனவே பழைய பெட்டி வாங்குவதென்றால் உள்நாட்டில் இருப்பதையே பார்ப்பது உத்தமம்.

நம் கடற்காற்று செய்வது

மற்ற ஊர்க்காரர்களைவிட நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உப்பளத்தை விளைவிக்கும் அதே காற்றுதான் நம் வீட்டு இரும்பையும் தின்கிறது. தராசுத் தட்டும் ஷட்டர் கதவும் என்ன பாடுபடுகின்றன என்று நமக்குத் தெரியும். ஒலிப்பெட்டியில் அந்தக் காற்று நான்கு இடத்தில் வேலை செய்கிறது.

வயர் மாட்டும் முனையில் பச்சைக் களிம்பு ஏறும். இது அற்ப விஷயம், சுரண்டினால் போகும். காந்தத்தின் இரும்புத் தகட்டில் துரு ஏறி இடுக்குக்குள் உதிர்ந்தால் காயில் உரசும். இது பெரிய விஷயம். பலகை மரத்தூள் அட்டையாக இருந்தால் ஈரம் இழுத்து மூலையில் உப்பும். நான்காவது எட்ஜ். அது நுரைப் பஞ்சால் செய்ததாக இருந்தால் பயன்படுத்தினாலும் சரி, சும்மா வைத்திருந்தாலும் சரி, 10 முதல் 20 ஆண்டில் பொடிந்து உதிர்ந்துவிடும். ஈரமும் வெக்கையும் அதை விரைவுபடுத்தும். எட்ஜ் ரப்பராகவோ துணியாகவோ இருந்தால் நெடுநாள் வரும்.

அண்ணாச்சியின் பெட்டிகளில் வூஃபர் எட்ஜ் நுரைதான். விரல் பட்டதும் கருப்பட்டித் தூள்போல உதிர்ந்தது. ஆக்கர்க்காரர் மூவாயிரம் சொன்னதற்கு அதுவே காரணம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார். உண்மையில் கூம்பு நன்றாக இருந்தது, காயில் நன்றாக இருந்தது. எட்ஜை மட்டும் புதிதாக ஒட்டலாம். கைதேர்ந்தவர் செய்தால் பழைய ஒலி திரும்பி வரும்.

சோதிக்கும் முறை

நம் தராசுக்கு முத்திரை ஆய்வாளர் இருக்கிறார். முத்திரை பார்த்து நம்புகிறோம். ஒலிப்பெட்டிக்கு அப்படி முத்திரை கிடையாது, நாமே ஆய்வாளர். பழைய பெட்டி பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் விளக்கு, ஒரு மல்டிமீட்டர், ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்று, நன்கு பழகிய பாட்டு ஒன்று இவ்வளவும் கையோடு கொண்டு போகவும்.

1. ஜோடியா என்று பார்க்கவும். பின்புறம் உள்ள வரிசை எண்களை ஒப்பிடவும். அடுத்தடுத்த எண்ணாக இருந்தால் நல்லது. வேறு வேறு காலத்துப் பெட்டிகளைச் சேர்த்து ஜோடி என்று விற்பதும் உண்டு.

2. முன்புறத் துணியைக் கழற்றச் சொல்லவும். கழற்ற மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். எட்ஜ் என்ன பொருள், கூம்பில் கிழிசல் ஒட்டு இருக்கிறதா, ட்வீட்டரின் குமிழ் அமுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும். ட்வீட்டரை விரலால் தொடக்கூடாது.

3. வூஃபர் கூம்பின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்தி விடவும். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்க வேண்டும். மணல் உரசுவதுபோலச் சத்தம் கேட்டால் காயில் உரசுகிறது, அல்லது கருகியிருக்கிறது.

4. மல்டிமீட்டரை வயர் முனைகளில் வைத்து ஓம் பார்க்கவும். 8 ஓம் என்று எழுதிய பெட்டியில் மீட்டர் ஏறத்தாழ 5½ முதல் 7 வரை காட்டும்; 4 ஓம் பெட்டியில் 3 முதல் 3¾ வரை. குறைவாகக் காட்டுவது கோளாறு அல்ல. இரண்டு பெட்டியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும் என்பதே முக்கியம். ஒன்றும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கலாம். ட்வீட்டர் கண்டென்சருக்குப் பின்னால் இருப்பதால் அதன் குறை இந்த அளவில் தெரியாது. அதைக் காதால்தான் பார்க்க வேண்டும்.

5. பேட்டரியின் கூட்டல் முனையைச் சிவப்பு முனையிலும், கழித்தல் முனையைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுக்கவும். வூஃபர் வெளியே அசைய வேண்டும். ஒரு பெட்டி வெளியேயும் மற்றது உள்ளேயும் அசைந்தால், முன்பு யாரோ பிரித்து வயரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

6. ஒவ்வொரு பெட்டியாகத் தனித்தனியே பாட வைக்கவும். முதலில் மெதுவாக. பாடகர் குரல் தொண்டை கட்டியதுபோல இருக்கிறதா? தாளம் போடும் ஜாலர் ஒலி இரண்டு பெட்டியிலும் ஒன்றுபோல் கேட்கிறதா? ஒன்றில் மங்கினால் ட்வீட்டர் போயிருக்கலாம், அல்லது கண்டென்சர் காய்ந்திருக்கலாம்.

7. குறை தெரிந்தால் இடது வலது வயரை மாற்றி மாட்டவும். குறை அதே பெட்டியில் இருந்தால் பெட்டியின் குறை. குறை இடம் மாறினால் ஆம்பிளிபயரின் குறை. நல்ல பெட்டியைக் கெட்டது என்று ஒதுக்காமல் இருக்க இந்த ஒரு சோதனை போதும்.

8. ஒரு மணி நேரமாவது ஓடட்டும். சூடேறிய பிறகு வெளிப்படும் கோளாறு உண்டு. டீ வரும் வரை பேசிக்கொண்டிருக்கலாம்.

9. கடைசியாக, அந்த வூஃபரும் ட்வீட்டரும் மாற்றுக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கவும். கிடைக்காத பொருள் ஒன்று கருகினால் ஜோடியே போனதாகக் கணக்கு.

வீட்டில் இருக்கும் ஆம்பிளிபயருக்கு அந்தப் பெட்டி பொருந்துமா என்பதும் கேள்வி. பெட்டிகளின் குறிப்பில் டெசிபல் கணக்கில் உணர்திறன் போட்டிருப்பார்கள். இது 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இருமடங்கு மின்சக்தி வேண்டும். முன்பு சொன்ன பி.பி.சி. பெட்டி 83-க்கும் குறைவு. சிறிய ஆம்பிளிபயரோடு பெரிய கூடத்துக்கு அது காணாது.

மூடிய சிப்பியை வாங்கிய கதை

இவ்வளவு சோதனை எதற்கு என்று நினைப்பவர்களுக்கு நம் ஊர்ச் சரித்திரமே பதில் சொல்லும். அரசு நடத்திய முத்துக்குளிப்பு இங்கே 1961-ஓடு நின்றது. அதுவரை கரைக்கு வந்த சிப்பியை ஆயிரம் கணக்கில் ஏலம் விடுவார்கள். சிப்பியைத் திறந்து பார்க்க முடியாது. ஏலம் எடுத்தவர் அதை அழுகவிட்டுக் கழுவிப் பார்க்கும்போதுதான் உள்ளே முத்தா, வெறும் ஓடா என்று தெரியும். ஒரே நாளில் செல்வந்தரானவரும் உண்டு, முதலை இழந்தவரும் உண்டு.

ஆனால் முத்து வெளியே வந்த பிறகு நடந்த வியாபாரம் வேறு மாதிரி. பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருக்கும். ஒன்றில் 20 துளை, அடுத்ததில் 30, இப்படியே 1000 துளை வரை. அதில் சலித்துப் பருமன் பிரித்து, பிறகு உருவமும் ஒளியும் பார்த்து, நிறுத்து விலை வைப்பார்கள். அங்கே யூகத்துக்கு இடம் குறைவு.

ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு முன் நாம் சிப்பி ஏலம் எடுத்தோம். வெளியூரில் ஒருவர் அட்டைப்பெட்டி பிரிக்காத நிலையில் பழைய ஒலிப்பெட்டி ஜோடி இருக்கிறது என்றார். விலை சரிபாதி என்றார். பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்றார். லாரி புறப்படும் அவசரத்தில் 18,000 ரூபாய் கொடுத்து ஏற்றிவிட்டோம். ஊரில் வந்து பிரித்தால் ஒன்றில் காயில் கருகிக் கிடந்தது. மாற்றுப் பொருள் கிடைக்கவில்லை. ரசீது இல்லை, கேட்க வழியில்லை. இந்த நஷ்டத்தை நம் அவசரத்தின் பேரில்தான் எழுதினோம்.

சோதிக்க விடும் பழைய பொருள் முத்து. சோதிக்க விடாத பழைய பொருள் சிப்பி. வணிகர் முத்து வாங்கலாம். சிப்பி வாங்கக் கூடாது.

விலை போடும் முறை

பழையது என்றால் பாதி விலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது முறையல்ல. கீழ்க்கண்டபடி கணக்குப் போடலாம். நம் வழக்கையே உதாரணமாகத் தருகிறோம்.

அதே தரத்தில் இன்று புதிய ஜோடி: 1,60,000 ரூபாய். குறையில்லாத பழைய ஜோடியானால் நாம் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை, பாதி: 80,000. இதில் கழிக்க வேண்டியவை: இரண்டு பெட்டிக்கும் எட்ஜ் ஒட்டவும் கண்டென்சர் மாற்றவும் 14,000. அனுப்பி எடுத்துவர 4,000. பின்னால் வரக்கூடிய கோளாறுக்கு ஒதுக்கீடு, 80,000-இல் பத்தில் ஒரு பங்கு, 8,000. ஆகக் கழிவு 26,000. நியாய விலை 54,000 ரூபாய்.

அந்த 80,000 என்பது ஊருக்கு ஊர், பெட்டிக்குப் பெட்டி மாறும். கழிவுகளை ஒவ்வொன்றாக எழுதிக் கழிப்பதுதான் முக்கியம். எழுதினால் விற்பவரிடமும் காட்டலாம். வாய்ப் பேச்சில் பேரம் பேசினால் இருவருக்கும் மனத்தாங்கல் மிஞ்சும்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. புதிய ஒலிப்பெட்டிக்கு இன்று ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தொழிலுக்கென்று ரசீதோடு வாங்கினால் கட்டிய வரியை உள்ளீட்டு வரிவரவாக எடுக்க இடம் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு இல்லை. பழைய பொருள் வியாபாரி, கொள்முதலுக்கு வரிவரவு எடுக்காதிருந்தால், தன் லாபத்தின் மேல் மட்டும் வரி கட்டும் முறையும் சட்டத்தில் உண்டு. எப்படியானாலும் நம் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது புதியதே நல்லது?

பழையதற்கு இவ்வளவு சொன்னதால் எல்லோரும் பழையதைத் தேடி ஓட வேண்டாம். கீழ்க்கண்டவர்கள் புதியதே வாங்கவும்.

மண்டபத்துக்கோ கடைக்கோ வாங்குகிறவர்கள். முகூர்த்த நாளில் பெட்டி நின்றுபோனால் நஷ்டம் ரிப்பேர்ச் செலவோடு முடியாது, பெயர் கெடும். அங்கே உத்தரவாதமும் உடனே வரும் மெக்கானிக்கும்தான் தேவை. மேலும் கூம்பு வடிவக் குழாய் மலிவாகக் கிடைக்கிறது என்று பழையதை வாங்கி வைத்தால், காவல்துறை தடையால் மாட்ட முடியாமல் கிடங்கில்தான் தூங்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு இருப்பதையும் மறக்க வேண்டாம்.

பக்கத்தில் நம்பகமான மெக்கானிக் இல்லாதவர்கள். சோதிக்கப் பொறுமை இல்லாதவர்கள். கடன் வாங்கி வாங்குகிறவர்கள்; இவர்கள் இரண்டையும் வாங்காமல் சில காலம் காத்திருப்பதே மேல்.

புதியது வாங்கும்போதும் கடையில் கேட்ட ஒலி வீட்டில் வராது என்பதை நினைவில் வைக்கவும். கடை அறையில் கம்பளமும் திரையும் இருக்கும். நம் வீட்டில் மொசைக் தரையும் வெறும் சுவரும். முடிந்தால் வீட்டில் ஒருநாள் வைத்துக் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்கும் ஏற்பாட்டைக் கேட்டுப் பார்க்கவும். கேட்பதில் தவறில்லை.

பழையது யாருக்கு ஏற்றது? வீட்டில் கேட்பதற்கு வாங்குகிறவர்கள், சோதிக்க ஒரு மணி நேரம் உட்காரத் தயங்காதவர்கள், ரிப்பேர்ச் செலவையும் சேர்த்துப் பணம் ஒதுக்கியவர்கள். இவர்களுக்குப் பழைய பெட்டியில் இன்னொரு லாபமும் உண்டு. புதிய பெட்டி கடை வாசல் தாண்டியதும் விலை இறங்கும். அந்த இறக்கத்தை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார். சரியான விலைக்கு வாங்கிய பழைய பெட்டியைப் பின்னால் விற்றால் பெரும்பாலும் போட்ட முதலுக்குப் பெரிய சேதம் வராது.

மதினிக்குச் சொன்ன விலை

மூன்று வாரம் முடிந்ததும் கணக்கு எழுதிய தாளை எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனோம். 54,000 என்றதும் அவர்கள் நம்பவில்லை. மூத்த பையனைக் கூப்பிட்டார்கள். அவனுக்குச் சந்தேகம்: இவ்வளவு கொடுக்கிறவர் இதைவிட எவ்வளவு வைத்து விற்பாரோ என்று. அதிலும் தப்பில்லை, வணிகர் வீட்டுப் பிள்ளை அப்படித்தான் கேட்க வேண்டும். தாளை அவனிடமே கொடுத்து, "வேறு இரண்டு பேரிடம் காட்டு. கூடுதலாகக் கேட்டால் அவர்களுக்கே கொடு" என்று சொல்லிவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்துப் பையனே பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். அவற்றின் பழைய ரசீதையும், அண்ணாச்சி கைப்பட எழுதிய வயர் மாட்டும் குறிப்பையும் தேடி எடுத்து வந்திருந்தான். ஐயாயிரத்துக்கு எடுத்திருந்தால் அந்தக் குறிப்பைக் கையில் வாங்கும் முகம் நமக்கு இருந்திருக்காது.

விற்கிறவருக்கு விலை தெரியவில்லை என்பது நமக்கு லாபக் கணக்கு ஆகாது. சந்தையில் சரிக்குச் சமமான வியாபாரியிடம் பேரம் பேசலாம். அவருக்கும் விலை தெரியும், நமக்கும் தெரியும். விலை தெரியாதவரிடம், அதுவும் துக்க வீட்டில், வாய் மூடிக்கொண்டு வாங்குவது கொள்முதல் அல்ல. வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வணிகருக்கென்றே வைத்திருக்கிறார். எதிராளியின் பொருளையும் நம் சொந்தப் பொருளாக எண்ணிப் பார் என்பதே அதன் கருத்து. பழைய பொருள் வாங்கும் இடத்தில்தான் அந்தக் குறளுக்கு உண்மையான சோதனை வருகிறது.

ஆகவே அன்பர்களே, சுருக்கமாக: தொழிலுக்குப் புதியது, வீட்டுக்கு, சோதிக்கத் தெரிந்தால், பழையது. துணியைக் கழற்றிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். கழிவை எழுதிக் கழித்துவிட்டு, மிஞ்சிய விலையை முழுசாகக் கொடுங்கள்.

பெட்டிகள் இப்போது நம் வீட்டு முன்னறையில் இருக்கின்றன. எட்ஜ் ஒட்டி வந்து எட்டு மாதமாகிறது, இதுவரை குறையில்லை. கடற்காற்றுக்காக இரவில் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திவிடுகிறோம். நம் சங்க அன்பர்கள் யாரேனும் வாங்கும் எண்ணத்தில் இருந்தால் ஒரு மாலை வந்து கேட்டுப் பார்க்கலாம். மல்டிமீட்டரும் இரவல் தருகிறோம், திருப்பித் தந்துவிட வேண்டும்.